சிரட்டைக்கரியும் ஸ்திரிக்கை போட்ட சட்டையும்

என் பள்ளிச் சட்டையை ஒரு சுருக்கம் இல்லாமல் நான் ஸ்திரிக்கை போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு ஒரு கல்வி அதிகாரி சபை நிறைந்த சனத்துக்கு முன்னால் கண்ணீர் விட்டார். (சட்டையின் அழகைப் பார்த்து அல்ல.)

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்கந்தபுரத்தில் தென்னங்கிடுகுக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் சேரப் போய் நின்றேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் என் விஞ்ஞானம் மயிரிழையில்தான் தப்பியிருந்தது. அதிபர் பெறுபேற்றை இரண்டு தடவை பார்த்தார்.

"பிள்ளை, வாற மாசம் கண்காட்சி. அதில ஒரு பரிசோதனையை ஒழுங்காச் செய்து காட்டும், விஞ்ஞானப் பிரிவு தாறன். இல்லாட்டிக் கலைப்பிரிவுதான்."

கலைப்பிரிவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரசாயனவியல் படிக்கப் போகிறேன் என்று நான் ஏற்கெனவே ஊரெல்லாம் வாயடித்து முடித்திருந்தேன்.

ஒரு வாயுவைச் சிரட்டைக்கரி எவ்வளவு வேகமாக இழுத்துக்கொள்கிறது என்று அளப்பதுதான் என் பரிசோதனை. கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வாயு அவற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்ணாடிச் சேலைன் போத்தல் நிறைய அமோனியா. (தகரவேலைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய நவச்சாரமும் அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பும் சேர்த்துச் சூடாக்கியது.) போத்தல் மூடியில் ஒரு சேலைன் குழாய், அதன் மறு நுனி கிண்ணத்துத் தேங்காய் எண்ணெய்க்குள். கரியை உள்ளே இறக்கி மூடினால், வாயு குறையக் குறைய எண்ணெய் குழாயில் ஏறும். என் தோழி ரஜனி சாவி கொடுக்கும் மணிக்கூட்டைப் பார்த்துப் பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை கத்துவாள், நான் உயரத்தைக் கொப்பியில் எழுதுவேன். வீட்டு ஒத்திகையில், கலியாணப் பந்தியில் முதல் ஆளாய்க் குந்தியவரைப் போலக் கரி அவசரமாக விழுங்கியது, பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. துளைகளில் ஏற்கெனவே இருப்பது வெளியேற, கரியை முதலில் நன்றாகச் சுடவேண்டும். பிறகு காற்றுப் புகாத தகர ரின்னில் போட்டு முழுக்க ஆறவிடவேண்டும்.

கண்காட்சி அன்று காலை சட்டை கசங்கிக் கிடந்தது. ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போடக் குசினியில் ஒரு துண்டு கரி இல்லை. இருந்த சிரட்டையெல்லாம் என் ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. மிச்சம் பால்மா ரின்னில் இருந்த பரிசோதனைக் கரி மட்டும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கரியைச் சுடத்தானே வேண்டும்? ஸ்திரிக்கைப் பெட்டியில் சுட்டால் என்ன? சட்டைக்குச் சட்டையும் ஆச்சு, கரிக்குக் கரியும் ஆச்சு!

ஸ்திரிக்கை போட்டு முடித்துக் கரியைத் திரும்ப ரின்னில் கொட்டினேன். அப்பா அதைச் சைக்கிள் கரியரில் பழைய ரப்பர் ரியூப்பால் கட்டினார்.

"பிள்ளை, ரியூப் கருகி மணக்குது. ஆறிட்டுதோ?"

"ஓம் அப்பா, ஆறிட்டுது."

(மூடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.)

கண்காட்சியில் என் மேசைக்குக் கல்வி அதிகாரி வந்தார். தடித்த மீசை, வெள்ளைச் சேட்டு. "கிட்ட வந்து பாருங்கோ சேர், எண்ணெய் ஏறும்" என்றேன். அவரும் நல்ல மனிதர், கிண்ணத்துக்கு மேலேயே குனிந்தார். குறட்டால் கரியைப் பிடித்து இறக்கி, மூடியை அழுத்தினேன்.

எண்ணெய் ஏறவில்லை. கரியின் சூட்டில் போத்தல் வாயு விரிந்து, குழாய் வழியே குமிழி குமிழியாக வெளியே பாய்ந்தது. எண்ணெய் துள்ளி மீசையில் தெறித்தது, அமோனியா நேரே மூக்குக்குள் போனது. அவர் விக்கி விக்கி அழுதார்.

"பத்து!" என்றாள் ரஜனி. சனம் ஓடியது. "இருவது!" அவள் மணிக்கூட்டில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நானும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுதிக்கொண்டே இருந்தேன். பின்வரிசையில் ஒன்றும் தெரியாமல் நின்ற அப்பா பக்கத்தில் நின்றவரிடம், "என்ர பிள்ளையின்ர விளக்கத்துக்குப் பெரியவர் உருகிப்போனார்" என்றாராம்.

அதிகாரி முகம் கழுவித் திரும்பியபோது எண்ணெய் குழாயில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதிபர் உடனே கை தட்டினார். அதிகாரி சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"இது கரி இழுத்ததோ, சூடு ஆறினதோ?"

கரி இழுத்தது என்று சொன்னால் தப்பியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கொப்பியில் குமிழி விட்ட கணக்கெல்லாம் என் கையெழுத்திலேயே கிடந்தது.

"ரெண்டும்தான் சேர். எது எவ்வளவெண்டு சொல்லேலாது. காலமை இந்தக் கரியாலதான் சட்டை ஸ்திரிக்கை போட்டனான்."

அவர் சட்டையைப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார், அதிபர் பக்கம் திரும்பினார்.

"இவவுக்கு விஞ்ஞானப் பிரிவைக் குடுங்கோ. ஸ்திரிக்கைப் பெட்டியைக் குடுத்திடாதேங்கோ."

இன்று நான் இரசாயனவியல் ஆசிரியை. மடிப்புக் கலையாத சேலையோடு வெளிக்கிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டே தீருவார். தொடக்கி வைத்தவர் அப்பாதான், அதுவும் என் கலியாணத்தன்று. கூறைச்சேலையோடு நான் மணவறைக்கு வர, மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பிள்ளை, ஆறிட்டுதோ?"

"ஓம் அப்பா" என்றேன். மாமனார் இரண்டடி தள்ளி நின்றார்.