லேப்டாப்புக்குக் குடை பிடித்த முசே

பிள்ளைகளா, அலமாரி மேல் கிடக்கும் ஓடாத லேப்டாப்பைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். போடலாம்தான். அதற்கு முன்னால் அது யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்ற பிள்ளையைக்கூடப் புதுச்சேரியில் ஒருவரும் அப்படி வளர்த்திருக்க மாட்டார்கள், வாரண்டி முசே அந்த லேப்டாப்பை வளர்த்த மாதிரி. சாரம் பகுதியில் நாம் குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்தவர். நீங்கள் அப்போது ரொம்பச் சின்னவர்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு வழக்கப்படி அவரை முசே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும் எல்லோரும் கூப்பிடுவோம். பிரான்சில் இருக்கும் மகளுக்குத் துணையாகப் போகும்போது மதாம் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. முசேவுக்குக் கண்ணில் புரை. போனில் பார்த்தால் முகம் வெறும் புகைதான். பெரிய திரையில்தான் மதாம் தெரிவார்.

வாங்கிய அன்றே மந்திரிக்க மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். முசே டக்கென்று லேப்டாப்புக்கு மேல் குடையை விரித்துவிட்டார்.

“சாமி, தண்ணி பட்டா வாரண்டி போயிடும். ஜெபம் மட்டும் போதும்.”

“குடைக்குத்தான்யா இப்ப ஆசீர்வாதம் கெடச்சிருக்கு!” என்றார் சாமியார். வாரண்டி முசே என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது.

வீட்டில் இன்னும் மோசம். பக்கத்தில் காபி டம்ளரோடு போனால் கத்துவார். மெத்தை மேல் வைத்தால் அதற்கு மூச்சு முட்டுமாம். ஒருநாள் மதாமின் பேரக்குழந்தையைக் காட்ட நான் திரையில் விரல் வைத்துவிட்டேன்.

“யோவ், விரல எடுய்யா! ரேக படிஞ்சா போவாது!”

இதெல்லாம் சரியான பராமரிப்புதான். ஒன்றில்தான் தவறிவிட்டார். அப்டேட் செய்யட்டுமா என்று மெஷின் கெஞ்சும். ‘பிறகு’ என்பதையே அமுக்குவார்.

“கம்பெனி போட்டத மாத்துனா வாரண்டி போயிடும், தெரியுமா?”

“அப்டேட்ட அனுப்புறதே கம்பெனிதான், முசே. அதுக்கெல்லாம் போவாது.”

“நீ எலக்ட்ரீஷியன். போய் ஃபேனப் பாரு.”

அங்கே மதாம் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்தார். இங்கே லேப்டாப், இந்தப் பழைய சாஃப்ட்வேரில் வீடியோ வராது என்றது. அப்டேட் போட்டோம், பாதியில் நின்றது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மூலக்குளத்தில் ஒரு கடைக்காரர் உடனே செய்கிறேன் என்றார்.

“ஆனா மெஷினக் கெளப்புற அடி சாஃப்ட்வேர் வரைக்கும் மாத்தணும் சார். அதால எதாவது ஆச்சுன்னா கம்பெனிக்காரன் வாரண்டி தர மாட்டான்.”

முசே லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“போவட்டும்யா. போடு.”

மறுநாள் மத்தியானம் மதாம் திரையில் வந்தார். மூக்கில் குழாய்.

“சாப்ட்டீங்களா? மெஷின ஒழுங்கா வச்சிருக்கீங்களா?”

“வாரண்டியெல்லாம் பத்திரமா இருக்கு,” என்றார் முசே.

நான் எழுந்து மாடிப்படிக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரமே மதாம் போய்விட்டார். அடக்கமும் அங்கேயே. கொஞ்ச நாளில் லேப்டாப்பும் அணைந்தது. சர்வீஸ் சென்டர் பெண், “வெளிய அடி சாஃப்ட்வேர மாத்தியிருக்காங்க, போர்டு அதாலதான் போயிருக்கு. வாரண்டியில வராது சார்” என்றார். முசே கூரையைப் பிரித்துவிடுவார் என்று பயந்தேன்.

“தெரியும்மா,” என்று துண்டால் மூடி எடுத்துக்கொண்டார்.

பிறகு மகளோடு இருக்கக் கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்தார். “மெத்த மேல வைக்காத,” என்றார். செத்த மெஷினுக்கு! அவரும் இப்போது இல்லை.

நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அதை இறக்கினேன். மூடியையும் கீபோர்டையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். யாரையும் தொடவிடாத அந்தத் திரையின் நடுவில், மதாமின் கன்னம் இருந்திருக்கும் இடத்தில், ஐந்து விரலும் பதிந்திருந்தன. அதை மட்டும் துடைக்காமல் மூடி, மேலே துண்டைப் போர்த்தி வைத்தேன்.