நாலு காது தாண்டிய பச்சை நூல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மனித குலத்தின் மகத்தான சாதனை சக்கரமும் இல்லை, மின்சாரமும் இல்லை, 'தெரிந்தவர்கள்'தான். நம்பாவிட்டால் ஒரு கதை சொல்கிறேன். கண்கண்ட சாட்சி நானே.

எங்கள் மாடியில் குடியிருப்பவள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். எட்டு வருடமாகத் 'தற்காலிகம்'. அங்கே பிரசவ வார்டு விரிப்பு எலும்பு வார்டுக்குப் போகும். எலும்பு வார்டுடையது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இதற்காக மூன்று கமிட்டிகள் கூடி, 'ஆழ்ந்த கவலை' தெரிவித்து, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தன. கடைசியில் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: வழி சொல்பவருக்கு நிரந்தர மேற்பார்வையாளர் பதவி!

அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, வார்டுக்கு ஒரு நிறம். விரிப்பு மூலையில அந்த நிற நூலால நாலு தையல். பிரசவத்துக்குப் பச்சை. அவ்வளவுதான்! எழுதிக் குடுத்தா மேசையிலேயே தூங்கிடும். உங்களுக்குத்தான் பெரிய இடத்துல ஆள் இருக்கே."

"நான் பாத்துக்கறேன், நீ போ."

ஆள் என்றால் என் சம்பந்தியம்மா. ஆஸ்பத்திரி டைரக்டர் மனைவிக்குத் துணி தைப்பவர். அன்றே போய்ச் சொன்னேன். ஒரே ஒரு சின்னத் திருத்தத்தோடு: "உங்க மாப்பிள்ளை யோசிச்சது, சம்பந்தி!" என் மகனை அந்த வீட்டில் சோம்பேறி என்கிறார்களே, பெற்ற வயிறு கேட்குமா?

சம்பந்தியம்மா அளவெடுக்கும்போது, "எங்க அண்ணன் மகனுக்கு என்ன மூளைங்கறீங்க!" என்று ஆரம்பித்தாராம். டைரக்டர் மனைவி சாப்பாட்டு மேசையில், "ஏங்க, என் தம்பி ஒரு வழி சொல்றான்" என்றாராம்.

அந்தத் தம்பிக்கு நேர்முகத் தேர்வு முறைப்படியே நடந்தது.

"இந்த யோசனை எப்படித் தோணுச்சு?"

"தோணலை சார். அக்கா சொல்லிச்சு."

"என்ன அடக்கம்!" என்று குறித்துக்கொண்டார்கள்.

தம்பி இப்போது மேற்பார்வையாளர். ஊசியில் நூல் கோக்கத்தான் தெரியாது. கற்றுக்கொடுக்க அவளையே போட்டிருக்கிறார்கள். தற்காலிகமாக.

நேற்று மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "அக்கா, நீங்க என் பேரைச் சொன்னீங்கதானே?"

"சொல்லாம இருப்பேனா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க ஒருத்தராவது இருக்கீங்களேக்கா."

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீடு ஆளும் பேருமாய் நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல நல்ல யோசனைகள் உதிக்கட்டும். அவை என்னைப் போன்ற நல்லவள் காதில் மட்டும் விழாமல் இருக்கட்டும்.