பேட் எங்கே இருக்க வேண்டும் என்பது பற்றி மச்சானுக்கு

தியாகதுருகம்
திங்கட்கிழமை

அன்பு மச்சான் இளஞ்செழியனுக்கு,

உன் அக்கா புருஷன் தெய்வசிகாமணி எழுதிக்கொள்வது. அம்பத்தூரில் நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் வலது மணிக்கட்டையும் உன் அக்கா மகள் தேவதர்ஷினியின் வாயையும் தவிர மற்றதெல்லாம் சுகம். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. வாய்க்கு ஒன்றும் இல்லை, ஒரு வாரமாக என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான். பேசமாட்டாள், எழுதுவாள். போனில் சொல்லலாம் என்றால் உன் அக்கா ஜெயசுதா பிடுங்கிக்கொண்டு மகள் கட்சியே பேசுவாள், அதனால்தான் கடிதம்.

எல்லாம் நீ தீபாவளிக்கு வாங்கி வந்தாயே, அந்தப் பேஸ்பால் பேட், அதில் ஆரம்பித்தது. பதினொன்றாவது படிக்கிற பெண் பள்ளிக்கூட டீமில் ஆடுகிறாள், ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் அவள் நிற்கிற நிலையை நீ பார்த்ததில்லையே. முட்டியை மடக்கி, பின்னங்காலில் பாரத்தைப் போட்டு, பேட்டைக் காதுப்பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு பந்துக்குக் காத்திருக்கிறாள். பந்து வருவது இடுப்பு உயரத்துக்கு, பேட் இருப்பது காதுகிட்ட. அங்கேர்ந்து இங்க எறங்கி வர்றதுக்குள்ள பந்து உளுந்தூர்பேட்டைக்கே போய்டாதா? இருபத்தேழு வருஷம் கரும்பு வெட்டியவன் நான். அடிக்கரும்பில்தான் சர்க்கரை ஜாஸ்தி, குனிந்து மண்ணோடு ஒட்டி வெட்டணும், கத்தி கொஞ்சம் மேலே ஏறினாலும் எடை கம்மி. பலம் எல்லாம் கீழேதான் இருக்குது என்று சொல்லி, வெட்டி முடித்த மேலக்கொல்லையில் அவளை நிற்க வைத்து, குனி இன்னும் குனி என்று நாலு சாயங்காலம் பழக்கினேன். அப்பா சொன்னால் கேட்கிற பெண், கேட்டுவிட்டாள். அதுதான் வினையாப் போச்சு.

திருநாவலூர் பக்கத்து ஸ்கூலோடு ஒரு மேட்ச். எப்போதும் அடிக்கிறவள் அன்றைக்கு மூன்று பந்தையும் விட்டாள். மூன்றாவதுக்கு பேட் தரையைத் தோண்டி, பின்னால் பந்து பிடிக்கக் கேட்சராக உட்கார்ந்திருந்த பெண்ணின் வாய் நிறைய மண். மறுநாளே பி.இ.டி. டீச்சர் அபிநயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன வயசு, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"பேட்டு தோளுக்குப் பின்னால இருக்கட்டும்ங்க. மொதல்ல இடுப்பு திரும்பணும், அப்புறம் தோள், அப்புறம் கை. பேட்டு கடைசியாத்தான் வரணும். ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கேன், இவளுக்குக் கைதான் மொதல்ல வருது. நீங்க வேற அதக் கீழ எறக்கி வுட்டுட்டீங்க."

கத்தி கையிலதான இருக்குது, இடுப்பு இன்னாத்துக்கு மொதல்ல திரும்பணும் என்று நான் கேட்டேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். தேவி சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்படிக் கொடு என்று பேட்டை வாங்கினேன், பந்தைப் போடுங்க டீச்சர் என்றேன், போட்டார். நான் அடித்த அடியில் பந்து பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டி நம்ம ஊர் மலைக்கோட்டைப் பக்கம் போனது போனதுதான், இன்னும் கிடைக்கவில்லை. அடித்த வேகத்தில் செருப்பு வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். எழுதும்மா என்றேன். எழுதிவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, அவருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளும்மா என்று ஜெயசுதாவிடம் கேட்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் செலக்‌ஷன். அதில் இவள் பெயர் வராவிட்டால் காலம் பூரா அப்பனால் போச்சு என்றுதான் இருக்கும், நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு வூட்ல நடமாடுவேன்? அவள் சத்தம் இல்லாம எனக்கு சோறு எறங்கல மச்சான். நீ சொன்னால் கேட்பாள். சனிக்கிழமையே பஸ் ஏறி வந்து, பேட்டைக் கீழே வைக்கச் சொல், அப்பாவோடு பேசவும் சொல். ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்னா பேசச் சொல்லு. பேட்ட எங்க வேணும்னாலும் வெச்சிக்கட்டும்.

சுபஸ்ரீக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். மழை வெயில் பார்த்து நடந்துகொள். வரும்போது எனக்கு ஒரு இடுப்பு பெல்ட்டும் வாங்கி வா.

இப்படிக்கு,
இடது கையால்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: மாமா, இது தேவி. அப்பா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். கவர் ஒட்டும் முன்னால் எழுதுகிறேன். பந்து மதிலைத் தாண்டவில்லை, கேட்சர் கையில்தான் இருந்தது. பேட்டுக்கும் பந்துக்கும் ஒரு முழம் இடைவெளி. ஆனால் கோபத்தில் அப்பா கரும்பு வெட்டுகிற மாதிரி குனிவதையே மறந்துவிட்டார். கரும்புக்கட்டுகளைத் தூக்கி டிராக்டருக்கு வீசுவாரே, அப்படித் திரும்பினார். முதலில் இடுப்பு, அப்புறம் தோள், அப்புறம் கை, கடைசியில் பேட், அதற்கும் அப்புறம்தான் விழுந்தார். டீச்சர் ஆறு மாசம் சொல்லி விளங்காதது எனக்கு அன்றைக்கு விளங்கியது. தினமும் அவருக்குத் தெரியாமல் அப்படித்தான் பழகினேன். முதல் ரெண்டு நாள் நிஜமாகவே கோபம், அப்புறம் வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்று பயம்.

செலக்‌ஷன் நேற்றே முடிந்துவிட்டது. வரும் ஞாயிறு என்று அவரிடம் சொன்னது அம்மா. தெரிந்திருந்தால் மைதானத்துக்கே வந்து டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். என் பெயர் லிஸ்டில் இருக்கிறது. ரெண்டுல ஒண்ணுன்னு அவர் சொன்னபோதே பேசியிருப்பேன், அழுதுவிடுவேன் என்று எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன். எழுந்ததும் சொல்லிவிடுவேன்.

ஆனாலும் சனிக்கிழமை கண்டிப்பா வாங்க மாமா. சமாதானத்துக்கு இல்லை. கீழக்கொல்லைக் கரும்பை வெட்டச் சொல்லி சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது, அப்பாவால் தூக்க முடியாது, ஏற்றுவதற்கு ஓர் ஆள் குறைகிறது. கரும்புக்கட்டு எப்படி வீசணும்னு நான் சொல்லித் தர்றேன். இடுப்புதான் மொதல்ல.