பிஸ்தா பச்சைப் பிரியாவிடை

எங்கள் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, எல்லாப் பரீட்சையும் எழுதி, எல்லாவற்றிலும் தேறியவர் பட்டதாரி ஆகிவிடுவார் என்று வெளியுலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பாவம் வெளியுலகம். எங்கள் மாணவர் பேரவையைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

பேரவை விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: ‘பிரியாவிடை அளிக்கப்படாத மாணவர் எவரும் கல்லூரியை விட்டுப் பிரிந்தவராகக் கருதப்படலாகாது.’ இந்த விதி பிறந்த கதை உருக்கமானது. எப்போதோ ஒரு வருடம், கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு இறுதியாண்டுக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். பலூன் ஊதி, கேக் வாங்கி, மேடையில் அழுவதற்கு ஆளையும் ஏற்பாடு செய்து வைத்திருந்த பேரவை, காலி நாற்காலிகளைப் பார்த்து உரையாற்ற வேண்டியதாயிற்று. அந்த அவமானத்தைத் துடைக்கப் போட்ட தீர்மானம்தான் இது. அதற்குப் பிறகு யாரும் அதைப் படித்ததில்லை, அலுவலகத் தலைமை எழுத்தர் ஒருவரைத் தவிர.

என் தோழிக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாது. அதனால் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். ரிசல்ட் வந்த கையோடு அவளுக்கு வேலையும் வந்தது. வேறு ஊரில், குடிநீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். அவள் அக்கா குடியிருப்பதும் அந்த ஊரில்தான். தங்கைக்கென்று ஒரு அறையை ஒழித்துக் கட்டில் போட்டுவிட்டு, “எப்ப வர்றே?” என்று தினம் போன் பண்ணிக்கொண்டிருந்தாள். வேலை உத்தரவில் ‘அசல் சான்றிதழ்களுடன் வரவும்’ என்று போட்டிருந்தது. கல்லூரி தரவேண்டிய மாற்றுச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. வாங்கி வரலாம் என்று அவளும், துணைக்கு நானும் போனோம்.

தலைமை எழுத்தர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“பிரியாவிடை ஆச்சா?”

“இன்னும் இல்ல சார். ஆனா நான் பாஸ் பண்ணிட்டேன்” என்றாள் கண்ணாடி.

“பாஸ் பண்றது உன் சொந்த விஷயம்மா. பிரியறது நிர்வாக விஷயம். பிரியாத ஒருத்திக்குப் பிரிஞ்சுட்டான்னு நான் எழுதிக் கொடுத்தா, அது பொய்ச் சான்றிதழ் ஆகாதா?”

“அப்போ நான் இப்போ யாரு சார்?”

“மாணவி.”

“எந்த வருஷம்?”

அவர் மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். “அதை மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சும்மாவா? சரி, முதல்வரிடமே முறையிடலாம் என்று மாடியேறினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாணவர் ஜனநாயகத்தில் நான் ஒருபோதும் தலையிட மாட்டேன்” என்றார். எங்கள் முடியின் நீளம், செருப்பின் நிறம், படிக்கட்டில் யார் யாரோடு நின்று பேசலாம் என்பது வரைக்கும் தலையிட்ட மனிதர் அவர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஜனநாயகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே பேரவைக்குப் போனோம். பேரவைத் தலைவன் எங்களுக்கு ஒரு வருடம் இளையவன். ஜெயித்த நாளிலிருந்து வெயில் மழை பார்க்காமல் கோட்டுப் போட்டுக்கொண்டு அலைந்ததால் எல்லாரும் அவனைக் கோட்டு என்றே கூப்பிட்டோம். அவன் பக்கத்தில் எப்போதும் செயலாளன். தாகம் எடுத்தால்கூடத் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான்.

“பிரியாவிடையை எப்பப்பா வைப்பீங்க?” என்றேன்.

“வெச்சிடலாம் அக்கா. நிறம்தான் முடிவாகலை” என்றான் கோட்டு.

“என்ன நிறம்?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? இப்பல்லாம் எல்லாரும் ஒரே நிறத்துல வந்தாத்தான் விழா. பிஸ்தா பச்சையா, மங்கின ரோஜாவான்னு பேரவையில கருத்து வேறுபாடு இருக்கு. நிறத் துணைக்குழு ஆராய்ஞ்சுகிட்டிருக்கு.”

“கூடவே முன்பிரிவுப் படப்பிடிப்பும் இருக்கு” என்றான் செயலாளன்.

“அப்படின்னா?”

“நீங்க பிரியறதுக்கு முன்னாடி, பிரியற மாதிரி எடுக்கிற படம். மெதுவா நடந்து போவீங்க, திரும்பிப் பார்ப்பீங்க, கண்ணு கலங்கும். மேலேருந்து டிரோன் எடுக்கும். தீர்மானம் போட்டாச்சு.”

“சரி, அந்தப் படத்தை எடுத்துடுங்களேன்” என்று கெஞ்சினாள் கண்ணாடி.

“நிறம் முடிவாகாம எப்படி எடுக்கறது?”

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாகிவிட்டது. கண்ணாடி ஆய்வுக்கூடத்துக்குப் போன் பண்ணி, “சார், கொஞ்சம் அவகாசம் கொடுங்க” என்றாள். நல்ல மனிதர்கள், கொடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. நாங்கள் மாணவர்களா இல்லையா என்று மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. ஆனால் வராவிட்டால் வருகை குறையும், வருகை குறைந்தால் பிரியாவிடைக்குத் தகுதி போய்விடும் என்று அறிவிப்பு மட்டும் உடனே வந்துவிட்டது. ஆகவே படித்து முடித்த நாங்கள் கூட்டமாக வந்து கடைசி பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். வேதியியல் ஆசிரியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். போன வருடப் பாடத்தையே நடத்தலாம், போன வருட ஜோக்கையே சொல்லலாம், எங்கே சிரிக்கவேண்டும் என்று தெரிந்த ஆட்களும் தயாராக இருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்து, “நீங்க எந்த வருஷம்க்கா?” என்று கேட்டார்கள். “போன வருஷம்” என்றோம்.

இதற்குள் நிறப் பிரச்சினை எங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. முதலில் நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். ஆனால் நாள் முழுக்க வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் மனுஷிக்கு ஒரு கொள்கை வேண்டாமா? நான் பிஸ்தா பச்சை அணியில் சேர்ந்தேன். மங்கிய ரோஜாவில் என்னைப் பார்த்தால் காய்ச்சலில் எழுந்து வந்தவள் மாதிரி இருக்கும். துணி எடுத்துத் தையற்கடையில் கவுனுக்கு அளவும் கொடுத்துவிட்டேன். கண்ணாடி மட்டும் எந்த அணியிலும் சேரவில்லை. அவளுடைய ஆய்வுக்கூடத்திலிருந்து, “திங்கக்கிழமைக்குள்ள வந்துடும்மா, இல்லேன்னா வேற ஆளை எடுத்துடுவோம்” என்று சொல்லிவிட்டார்கள். அக்கா போனில் அழுதாள். கண்ணாடி அழவில்லை. அந்த வாரம் நடக்கவிருந்த பேரவைத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றாள்.

மாணவி என்று தலைமை எழுத்தரே வாய்விட்டுச் சொன்னபிறகு யார் தடுக்க முடியும்? “எனக்கு ஓட்டுப் போடுங்க, உங்களை வீட்டுக்கு அனுப்பறேன்” என்பதுதான் அவளுடைய ஒரே வாக்குறுதி. அரசியலில் இப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. நாங்கள் மொத்தமாகப் போட்டோம். எங்களை அனுப்பினால் பெஞ்சு காலியாகும் என்று முதலாண்டுப் பிள்ளைகளும் போட்டார்கள். கோட்டு மண்ணைக் கவ்வினான்.

பதவியேற்றதும் கண்ணாடி நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே அறிவித்தாள்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை, மதியம், நூலக வராந்தாவுல எல்லாரும் கூடுங்க. நான் ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்வேன். நீங்க ‘வர்றோம்’னு சொல்லுங்க. பிரியாவிடை முடிஞ்சுது. நேரா அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கலாம்.”



“வராந்தாவுலயா?” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“கேமராக்காரர் வருவாரா?”

“டிரோன்?”

“எந்த நிறம்?” என்று கேட்டது நான்தான். யாராவது கேட்கத்தானே வேண்டும்.

“நிறமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உடம்புல என்ன துணி இருக்கோ, அதோட வாங்க.”

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை மாதம் காத்திருந்தது இதற்கா? அந்த நொடியில், அதுவரை ஜென்மப் பகையாக இருந்த பிஸ்தா பச்சை அணியும் மங்கிய ரோஜா அணியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

பிரியாவிடை பெறுபவர்களில் பாதிப்பேராவது கூடினால்தான் விழா செல்லும். வெள்ளிக்கிழமை மதியம் வராந்தாவில் கண்ணாடி நின்றாள், பக்கத்தில் செயலாளன் நின்றான். வேறு ஒரு ஆள் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, யாராவது துரோகம் பண்ணிக் கீழே இறங்குகிறார்களா என்று கவனித்துக்கொண்டிருந்தோம்.

அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். “ஏய், நீயாவது இறங்கி வாடி! உன்னைப் பார்த்துட்டு மத்தவங்களும் வருவாங்க. என் வேலை போயிடும்டி.”

“எனக்கென்னடி, வரலாம். ஆனா கவுன் இன்னும் தையற்கடையிலேருந்து வரலையே!”

நியாயமான பதில்தானே?  அவள் பையிலிருந்து போனை எடுத்து ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட்டாள். சத்தமாக வைத்துத்தான் பேசினாள், மாடிவரை கேட்டது.

“சார், என்கிட்ட மாற்றுச் சான்றிதழ் இல்ல. அது இல்லாம வரலாமா?”

“அது எதுக்கும்மா எங்களுக்கு? மார்க் ஷீட் இருக்கா?”

“இருக்கு சார்.”

“தண்ணியை டெஸ்ட் பண்ணத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் என்ன? கிளம்பி வா.”

இதை முதலிலேயே அவர்களிடம் கேட்டிருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும், முறை என்று ஒன்று இருக்கிறதே. கண்ணாடி போனை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். செயலாளனோடு கை குலுக்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வாசலைத் தாண்டிப் போயேவிட்டாள். மெதுவாக நடக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. விழாவுக்கென்று சேர்த்து வைத்திருந்த அழுகை, வீணாகிவிட்டது.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் கூட்டினோம். முறைப்படி பிரியாமல் போனதால் அவள் எங்கும் போகவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். நிறத் துணைக்குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். பொறுப்பு என்றால் லேசா? பிஸ்தா பச்சையிலேயே எத்தனை வகை இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எதையும் அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கோட்டும் இப்போது பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிவிட்டு எங்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டான். நிறம் எப்போது முடிவாகும் என்று தினமும் என்னைக் கேட்கிறான். “ஆராய்ஞ்சுகிட்டிருக்கோம் தம்பி” என்கிறேன்.

நேற்றுக் காலையில் நான் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.

“ஏண்டி, உன் படிப்பு எப்பதான் முடியும்?”

“படிப்பா? அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. காலேஜ்தான் முடியலை.”

உள்ளே ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்: “பரவாயில்லை விடு. எங்க ஆபீஸ்ல சேரும்போது இந்த அனுபவத்தைத்தான் முதல்ல கேப்பாங்க.”