கொள்ளு மாமியும் சாந்தோம் குதிரையும்

மயிலாப்பூரில் சாமிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. இன்கம்டாக்ஸுக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. கொள்ளு மாமிக்குப் பயப்படாதவர் ஒருத்தர் கிடையாது. தெரு முனையில் மாமியின் மஞ்சள் பை தெரிந்தால் போதும், ஆம்பிளைகள் எல்லாம் இரண்டாம் தடவை குளிக்கப் போய்விடுவார்கள்.

எழுபதுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமான புதுசு. குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு போர்ஷன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அடுத்த போர்ஷனில் மாமி. ஐம்பது வயசு, மடிசார், எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல். நிஜப் பெயர் போஸ்ட்மேனுக்கே தெரியாது.

எல்லாம் ஒரு பஸ்ஸால் வந்த வினை. மாமி ஒருநாள் பஸ் மாறி ஏறி சாந்தோமில் போய் இறங்கிவிட்டார். அங்கே போலியோ வந்த குழந்தைகளுக்கு ஒரு இல்லம். கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை அங்கிருந்த டாக்டரம்மா இலவசமாக வாங்கி வந்திருந்தார். குதிரைமேல் உட்கார்ந்து பழகினால் குழந்தைகளுக்கு இடுப்பிலும் முதுகிலும் பலம் வருமாம். குப்பத்துப் பெண் ஸ்டெல்லாவுக்கு ஏழு வயசு. சுவரில் சாயாமல் உட்கார முடியாது. அவளை இரண்டு பேர் பிடித்துக் குதிரைமேல் உட்கார வைத்ததையும், அவள் கெக்கெக்கென்று சிரித்ததையும் மாமி பார்த்துவிட்டார். தீனி போட வழியில்லை, மாசக் கடைசியில் குதிரையை ஜட்காக்காரருக்குக் கொடுத்துவிடப் போகிறோம் என்று மேனேஜர் சொன்னதையும் கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் கதவைத் தட்டின தட்டில் தாழ்ப்பாள் கழன்றது.

"ஏண்டி, ஒரு குதிரைக்குத் தீனி போட வக்கில்லாத ஊரா இது?"

"மாமி, நான் இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து..."

"காபி அப்புறம் குடிக்கலாம், பையை எடு!"

கோயிலுக்கும் மடத்துக்கும் பிடியரிசி எடுத்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைக்க வேண்டும். மாமி அதைப் பிடிக்கொள்ளு ஆக்கிவிட்டார். வீட்டுக்கு வீடு ஒரு காலி டப்பா. தினம் காலையில் ஒரு பிடி கொள்ளு. சனிக்கிழமை வசூல். வசூலை பஸ்ஸில் சாந்தோமுக்குச் சுமக்கும் கழுதை நான். கண்டக்டர் என்னைப் பார்த்தாலே, "குதிரை ஸ்டாப் ஒண்ணு" என்று டிக்கெட் கிழிப்பார். எரிச்சலான எரிச்சல்!

ஒரு மாசத்தில் தெருவுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. டப்பாக்களில் அடி தெரிந்தது. மாமி அசருவாரா? "கொள்ளு கேதுவோட தானியம். தானம் பண்ணினா தோஷம் போயிடும்" என்று கோயில் வாசலில் யாரிடமோ மெல்லச் சொல்லிவைத்தார். அவ்வளவுதான்! தெருவில் பாதிப் பேருக்கு அதுவரை இல்லாத கேது தோஷம் வந்துவிட்டது. கல்யாணம் தட்டிப்போகிற பெண்களின் அப்பாக்கள் மூட்டையோடு வந்து நின்றார்கள்.

இல்லத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர்தான் அலறினார். "இன்னாம்மா, இத்தினியும் துன்னா குருதை வவுறு ஊதிப்பூடும்! புல்லு வோணும், புல்லு!"

மாமி மிச்சக் கொள்ளை ஜட்கா ஸ்டாண்டில் கொடுத்துப் பதிலுக்குப் புல்கட்டு வாங்கினார். மேனேஜர் குதிரையைக் கொடுத்துவிடும் பேச்சை விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை போனால் குதிரை சும்மா நிற்கிறது. அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் ஒதுங்கி நிற்கிறார்கள். ஸ்டெல்லாவின் அம்மா மேரி, மீன் விற்கிறவர், முன்னால் வந்தார்.

"இன்னாம்மா இது நாயம்? உங்க தோசத்தையெல்லாம் குருதைக்குத் துன்னக் குடுத்துட்டு, எங்க புள்ளைங்கள அது மேல குந்த வெக்கிறீங்களே!"

"நீங்கள்லாம் மாதா கோயில் போறவா. உங்களுக்கு ஏது கேது?" என்றார் மாமி.

"மாதா கோயிலுக்குப் போனா தோசம் ஒட்டாதா? கீறது இந்த ஒரு புள்ள. நான் குந்த வெக்க மாட்டேன்."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். குழந்தைகள் ஏறாத குதிரை எதற்கு, திங்கட்கிழமை ஜட்காக்காரரை வரச் சொல்கிறேன் என்றார். அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குதிரையையே பார்த்தாள் ஸ்டெல்லா. எனக்கு மாமிமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த வாயால்தானே வந்தது!

மாமி பையை என் கையில் திணித்தார்.

"ஸ்டூலைக் கொண்டா."

"எதுக்கு மாமி?"

"என் ஜாதகத்தில கேது எட்டுல. இந்த மயிலாப்பூர்லேயே மோசமான தோஷம் என்னுதுதான். நானே ஏறறேன். என்ன ஆறதுன்னு எல்லாரும் பாத்துக்கட்டும்."

"மாமி, புடவை..."

"மடிசார்டி இது! கால் ரெண்டும் தனித்தனியாத்தானே இருக்கு?"

ஸ்டூல்மேல் ஏறி, குதிரைக்காரர் ஒருபக்கம் தாங்க, நான் ஒருபக்கம் தள்ள, மூன்றாவது முயற்சியில் ஏறியே விட்டார். முதுகு நிமிர்ந்து, வைர மூக்குத்தி வெயிலில் மின்ன, காம்பவுண்டை மூன்று சுற்று. நடுவில் குதிரை ஒரு தும்மல் போட்டது. மாமி "முருகா" என்றார். வேறொன்றும் ஆகவில்லை.

மேரி கொஞ்சநேரம் பார்த்தார். "ஐயரம்மாவே குந்திட்டாங்க, அப்பால இன்னா?" என்று ஸ்டெல்லாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அந்தக் குழந்தையை ஒரு கையால் பிடித்தால் போதுமாக இருந்தது. அடுத்த தீபாவளிக்குள் ஒருவரும் பிடிக்காமல் உட்கார்ந்தாள். நடக்கவில்லை, ஓடவில்லை, அப்படியெல்லாம் அற்புதம் நடக்கவில்லை. பள்ளிக்கூட பெஞ்சில் மற்றப் பிள்ளைகளோடு நேராக உட்கார்ந்து எழுதினாள். மேரிக்கு அதுவே கண்கொள்ளாக் காட்சி.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மாமி என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"மாமி, பயந்துட்டேளா?"

"உயிரே போயிடுத்துடி. நாய் குலைச்சாலே எனக்கு நடுங்கும். யார்கிட்டயும் சொல்லிடாதே."

நானும் இத்தனை நாள் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் மாமி. தெருவே பயந்த உங்களுக்குள்ளே அவ்வளவு பயம் இருந்தது தெரிந்த பிறகுதான் உங்களை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.