கோடிச்சேலையில கட்டி இழுத்த பைக்

கேட்டுதே பிள்ளை, அந்த ஹோன் சத்தம்? மீன்காரன் நஸீர் கீழ ஒழுங்கையால வாறான். அவன் எனக்கு ஆரெண்டு உனக்குத் தெரியாதென்ன? நீ போன மாசம்தானே லிங்கநகருக்குக் குடிவந்தனி. இரு, சொல்லுறன்.

போன வருசம் இறக்கக்கண்டியில என்ர அக்கா மோசம் போயிட்டா. பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமப் பெட்டி மூடமாட்டினம். பிறந்த வீடெண்டு மிஞ்சினது நான் ஒருத்திதான். அண்டைக்கு வெள்ளிக்கிழமை. ராகுகாலத்துக்கு முன்னம் தூக்கோணும் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். (அவருக்கென்ன, வேற செத்தவீடும் இருந்திருக்கும்.)

மருமகன்ர ஓட்டோ கராச்சில. அவரிட்ட ஒரு டர்ட் பைக் இருக்கு. காடு மேடெல்லாம் பாயுமாம். ஒட்டகம் மாதிரி உயரம், குசினிக் கதிரையைப் போட்டுத்தான் என்னை ஏத்தினவை. சேலைப் பாசலை மடியில வச்சு அழுதழுது போனன். காடு மேடெல்லாம் பாயுற சாமான், நிலாவெளி உப்பளத்தடியில, நல்ல தார் றோட்டில நிண்டிட்டுது. மருமகன் உதைச்சார், ஊதினார், கும்பிட்டும் பாத்தார். அசையேல்லை.

அப்பதான் இந்த நஸீர், தொழுகைக்கு முன்னம் வித்துமுடிச்சு, மீன்பெட்டியோட மோட்டச்சைக்கிள்ல வீட்ட போறான். முன்னப்பின்னத் தெரியாது.

"என்ன ஆச்சி அழுறீங்க? மையத்து வீட்டுக்கா?"

"ஓம் தம்பி. அக்கான்ர முகத்தைக் கடைசியாப் பாக்கோணும்."

"நான் இழுத்திட்டுப் போறன். கயிறு இருக்கா?"

எங்களிட்ட எங்க கயிறு! அவன் பெட்டி கட்டின கயிறை அவிழ்த்துக் கட்டினான். ஒரு இழுவையில அறுந்துபோச்சு. பிறகு ரெண்டு பேரும் என்ர மடியைப் பாத்தினம்.

"வேண்டாம் மாமி," எண்டார் மருமகன். வாய்தான் வேண்டாம் எண்டுது, கண் பாசல்லதான்.

சேலை பழுதாப்போனா அக்கா ஏசுவா. பிந்தினா அக்காவே இல்லை. "கட்டுங்கோ," எண்டன்.

மருமகனுக்குப் பின்னால நான், அவன் இழுக்க இழுக்க ஆடி ஆடிப் போறம். அவன் பிறேக் பிடிச்சா நாங்கள் மீன்பெட்டியில முட்டுவம். ஊருக்குள்ள போனதும் கைப்பழக்கத்தில ஹோனை அமத்திப்போட்டான்! பறைமேளம் நிண்டுபோச்சு. ஊர்ப் பூனையெல்லாம் ஓடி வருகுது. சவப்பெட்டி மூடியைத் தூக்கினவை அப்பிடியே திரும்பிப் பாக்கினம்.

"சின்னம்மா, கோடி எங்க?" எண்டு அக்கான்ர மகள் ஓடி வந்தாள்.

நான் பைக்கைக் காட்டினன். முடிச்சு அவிழேல்லை, மருமகன் பல்லால கடிச்சு இழுத்தார். கறுப்பு எண்ணெய், சூரைமீன் மணம், நடுவில ஒரு கிழிசல். அப்பிடியே போர்த்தினன். அத்தான், "வெள்ளிக்கிழமையில மீன் மணமே ஆகாது இவளுக்கு," எண்டு சிரிச்சவர். சிரிச்ச வாய் மூடமுதல் அழுதிட்டார்.

நஸீர் தூக்குமட்டும் வாசல்ல நிண்டவன். "எனக்கு இனிக் கோடி கொண்டர ஆளில்லை தம்பி," எண்டு சொன்னனான்.

"நான் இருக்கன் ஆச்சி. கயிறும் சேத்துக் கொண்டாறன்," எண்டான்.

அண்டையில இருந்து அந்த ஹோன் கேட்டாப் போதும், என்ர மகள் குசினிக்க இருந்து கத்துவாள்: "அம்மா, உங்கட பிறந்த வீட்டு ஆக்கள் வந்திட்டினம்!"

இந்தா, கத்துறாள். எழும்பு பிள்ளை, அந்தச் சட்டியை எடு. பிந்தினா சூரைத் தலையை ஆரும் கொண்டுபோயிடுவினம்.