படிப்படியாகத் தண்ணீர்

தண்ணீர் குடிப்பதும் மனித உரிமையே என்று சாசனத்தில் எழுதிவைத்த பெருந்தன்மை எங்கள் தென்னாப்பிரிக்காவினுடையது. கூடவே, ‘படிப்படியாக’ என்றும் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அந்தச் சொல்லைக் கண்ணும் கருத்துமாகக் காக்கவே எங்கள் நகராட்சி இருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுத நான் இருக்கிறேன்.

அன்று கூட்டத்துக்கு நொண்டுமிசோ வந்தாள், மலைச்சரிவுக் குடியிருப்பிலிருந்து. அங்கே குழாய் வறண்டு நாலு மாதம். இடுப்பில் இரண்டு வயது மகள், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள்.

தலைவர் மபாண்ட்லா பாட்டில் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துத் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, பேச்சுரிமை கேளு, இப்பவே தர்றேன். ஓட்டுரிமையா, அதுவும் தயார். தண்ணி வந்து ‘நல உரிமை’. அது படிப்படியாத்தான் வரும்.”

“நாலு மாசத்துல ஒரு படியாச்சும் வந்திருக்கணுமே, ஐயா.”

நகராட்சிப் பொறியாளர் சிரித்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“இப்ப எதைக் குடிக்கிறீங்க?”

“குட்டைத் தண்ணிதான். மாடுங்க கலக்கிட்டுப் போனதும் மொண்டுக்குவோம்.”

தலைவர் நிமிர்ந்தார். “மாடு அந்தத் தண்ணியவா குடிக்குது?”

“என் பொண்ணுந்தான் குடிக்கிறா.”

“அது இருக்கட்டும். எத்தனை மாடு?”

“நாப்பது இருக்கும்.”

அறையே கலங்கிப்போனது. பெண்ணெடுக்கப் பரிசமாக மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற ஊர் இது, மாடு என்றால் சும்மாவா? தலைவர் அங்கேயே கால்நடைத் துறையைத் தொலைபேசியில் பிடித்தார். மாடு படிப்படியாகக் காத்திருக்காது, செத்துவிடும் என்று அவர் எடுத்துச்சொன்னபோது எனக்கே கண் கலங்கியது.

மறுநாளே தண்ணீர் லாரி வந்தது. தொட்டி வந்தது. ‘கால்நடைகளுக்கு மட்டும்’ என்று பலகையும் வந்தது. குடியிருப்பே வாளியோடு மாடுகளுக்குப் பின்னால் வரிசை கட்டியது.

“பலகையப் படிக்கலையாம்மா?” என்றார் லாரிக்காரர்.

“நான் படிச்சேன். எம் பொண்ணுக்கு இன்னும் படிக்கத் தெரியாது,” என்றாள் நொண்டுமிசோ. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மொண்டுகொண்டாள்.

மேலிடத்துக்குப் போன அறிக்கையை நான்தான் எழுதினேன். ‘பயனடைந்த மாடுகள்: நாற்பது. மற்றவர்கள்: நூற்றுப் பன்னிரண்டு.’

தலைவர் ‘மற்றவர்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘மற்றவை’ என்று திருத்தினார்.

“மனுசங்கன்னு எழுத்துல ஒத்துக்கிட்டா, அப்புறம் உரிமையக் குடுக்கணுமேப்பா.”